டேப்லெட்டில் ஷேக்ஸ்பியர்: எந்த ஆப், எந்த வரிசையில் படிப்பது?

அரங்கவாசகி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஆங்கில இலக்கியம் முதலாண்டு மாணவர்கள் ஆறு பேருக்கு முதலில் 'மாக்பெத்', அடுத்து 'ஹாம்லெட்' சொல்லித்தர வேண்டும். கையில் 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றும் பழைய ஐபேட் ஒன்றும் உண்டு. வசனம், ஒலி, வீடியோ, அருஞ்சொற்பொருள் எல்லாம் சேர்ந்து வரும் ஆப்களில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வாங்கிய பின் எந்த வரிசையில் பயன்படுத்த வேண்டும்? ஒவ்வொரு சொல்லாகத் தட்டி அர்த்தம் பார்த்தால் ஒரு காட்சிக்கே ஒரு மணி நேரம் ஆகிறது. முடிக்கும்போது தொடக்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது மறந்துவிடுகிறது.

மேடைவிளக்கு:

வாங்குவதற்கு முன் ஆப் ஸ்டோர் பக்கத்தில் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இந்த வகை ஆப்கள் 2010க்குப் பிறகு சில ஆண்டுகள் நிறைய வந்தன. 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் எனப்படும் பழைய வகை ஆப்கள் திறப்பதே நின்றுபோனது. அதற்கு முன் வெளியாகி, பிறகு புதுப்பிக்கப்படாதவை எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் புதிய ஐபேடில் பயனில்லை. பழைய ஐபேடில் சிக்கல் வேறு: அந்த ஆப் கேட்கும் குறைந்தபட்ச ஐஓஎஸ் பதிப்பு உங்கள் கருவியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஆப்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வசனமும் குறிப்பும் மட்டும் தருவது ஒன்று. ஒலியோடு வரிகள் நிறம் மாறிக்கொண்டே போவது இன்னொன்று. நடிகர்களின் வீடியோவும் வசனமும் சேர்ந்தே ஓடுவது மூன்றாவது. 2016இல் நடிகர் இயன் மெக்கெல்லன் நாயகன் ப்ராஸ்பெரோவாக வந்த 'தி டெம்பெஸ்ட்' ஐபேட் ஆப் மூன்றாவது வகை. நடிகர்கள் கேமராவைப் பார்த்துப் பேசப் பேச, வசனம் கூடவே நகரும். படிக்கக் கற்றுக்கொள்கிறவருக்கு இதுதான் சிறந்த அமைப்பு என்பது என் கருத்து. முழு மேடை நாடகத்தின் வீடியோவில் கண் நடிகர்களின் ஆடைக்கும் அரங்கத்துக்கும் போய்விடும், வசனத்தில் நிற்காது.

வரிசை என்று கேட்டால், அர்த்தம் கடைசிதான். 'மாக்பெத்' முதல் அங்கம் ஏழாம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 80 வரிக்குச் சற்று மேல், கேட்க ஐந்து நிமிடம் ஆகும். முதல் சுற்றில் குறிப்புகளை அணைத்துவிட்டு, வரிகளைக் கண்ணால் தொடர்ந்தபடி முழுக்கக் கேளுங்கள், நடுவில் நிறுத்தக் கூடாது. இரண்டாம் சுற்றில் ஒருவர் பேசி முடித்ததும் நிறுத்தி, அவர் எதிராளியை என்ன செய்யவைக்கப் பார்க்கிறார் என்று மாணவர் ஒரே வரியில் சொல்லட்டும். மூன்றாம் சுற்றில்தான் குறிப்பைத் திறக்க வேண்டும், அதுவும் வசனத்தின் போக்கைத் தடுத்த சொற்களுக்கு மட்டும். ஐந்தாறு சொல்லுக்கு மேல் தேவைப்படாது. மொத்தம் 25, 30 நிமிடம்.

ஒலியின் வேகத்தை 0.75க்குக் குறைக்காதீர்கள். அழுத்தங்கள் நீண்டு செய்யுளின் நடை கெட்டுவிடும். வேகமாகத் தோன்றினால் பத்து வரிக்கு ஒருமுறை நிறுத்திக்கொள்வதே மேல்.

ஐந்தசை:

மேடைவிளக்கு சொன்ன வரிசையோடு ஒத்துப்போகிறேன். திரை அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்க வேண்டும், அதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் செய்யுள் வரி பத்து அசை (சிலபிள்), எழுத்துக் கணக்கில் ஏறத்தாழ 40 முதல் 50 வரும். டேப்லெட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்து எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடிந்து அடுத்த வரியில் விழும். வரி எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போய், செய்யுள் உரைநடையாகத் தோன்றும். படுக்கைவாக்கில் வைத்து, ஒரு வரிகூட மடியாத அளவில் மிகப் பெரிய எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். திரையை இரண்டாகப் பிரித்தால் 10 அங்குலத்தில் பாதித் திரை போதாது. மூன்றில் இரண்டு பங்கை வசனத்துக்குக் கொடுங்கள்.

அடுத்தது, இருவர் பங்கிட்டுக்கொள்ளும் வரி. 'மாக்பெத்' இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில், கொலை முடித்து இறங்கி வந்தவனும் மனைவியும் பேசுவது: "டிட் நாட் யூ ஸ்பீக்?" "வென்?" "நௌ." "அஸ் ஐ டிசென்டட்?" இந்த நான்கு துண்டும் சேர்ந்தால்தான் ஒரு செய்யுள் வரி. அச்சுப் பதிப்புகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு துண்டையும் முந்தையது முடிந்த இடத்துக்கு நேர்கீழே, உள்தள்ளி அமைக்கும். மூச்சு விடாமல் பேசு என்பதற்கு அடையாளம் அது. எல்லாவற்றையும் இடது ஓரத்தில் ஒட்டிவைக்கும் ஆப்பில் மாணவர் ஒவ்வொன்றிலும் நின்று நின்று படிப்பார், பதற்றம் போய்விடும். வாங்கும் முன் ஸ்கிரீன்ஷாட்டில் இந்த உள்தள்ளல் இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பாசிரியர் கவனமானவரா என்பதை அந்த ஒரு படமே காட்டிவிடும்.

டேப்லெட்டிலேயே உள்ள அகராதியை நம்ப வேண்டாம். சொல்லை அழுத்திப் பிடித்தால் வருவது இன்றைய பொருள். ஷேக்ஸ்பியரில் 'ப்ரெசன்ட்லி' என்றால் உடனே, 'ஸ்டில்' என்றால் பெரும்பாலும் எப்போதும். ஹாம்லெட் 'ஐ டௌட் சம் ஃபௌல் ப்ளே' என்பது ஏதோ சதி நடந்திருக்கிறது என்ற சந்தேகம், நடக்கவில்லை என்ற அவநம்பிக்கை அல்ல. ஜூலியட்டின் 'வேர்ஃபோர்' எங்கே என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கிறது. தெரியாத சொல்லையாவது தேடிப் பார்ப்போம். தெரிந்ததுபோல் தோன்றும் இந்தச் சொற்கள்தான் ஏமாற்றும். டேவிட் கிறிஸ்டலும் பென் கிறிஸ்டலும் தொகுத்த ஷேக்ஸ்பியர் சொல்லகராதி இணையத்திலும் இருக்கிறது. அதை ஒரு தாவலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டேப்லெட்டின் இயந்திரக் குரலைக் கொண்டு படிக்கவைப்பதும் உதவாது. அது பாத்திரத்தின் பெயரையும் சேர்த்து வாசிக்கும். பல கோப்புகளில் வரி முடியும் இடத்திலெல்லாம் நிற்கும், வாக்கியம் அடுத்த வரிக்குத் தொடர்ந்தாலும் சரி.

குவார்ட்டோ1603:

'ஹாம்லெட்'டுக்குப் போகும்போது நிச்சயம் ஒரு குழப்பம் வரும்: ஒலி ஒரு பக்கம் போகும், வசனம் இன்னொரு பக்கம் நிற்கும். ஆப் பழுதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 1604-05இல் வந்த இரண்டாம் குவார்ட்டோவில் (இந்த நாடகம் மட்டும் உள்ள சிறு அச்சுப் புத்தகம்) உள்ள 200க்கும் மேற்பட்ட வரிகள் 1623 ஃபோலியோவில் (அவர் நாடகங்களைத் தொகுத்த பெரிய புத்தகம்) இல்லை. ஃபோலியோவில் மட்டும் உள்ள பகுதிகளும் உண்டு. நான்காம் அங்கம் நான்காம் காட்சியில் 'ஹௌ ஆல் அகேஷன்ஸ்' என்று தொடங்கும் தனிமொழி ஃபோலியோவில் கிடையாது. ஃபோலியோவைப் பின்பற்றும் ஒலிப்பதிவில் அது வராது, இரண்டையும் கலந்த பதிப்பில் இருக்கும். ஆப்பின் 'இந்தப் பதிப்பு பற்றி' பக்கத்தைப் படித்து, எந்த மூலம் என்று குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஆப் வாங்காமலே முக்கால்வாசி வசதியை நீங்களே அமைக்கலாம். வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் எல்லா நாடகங்களையும் இலவசமாகத் தருகிறது. பிடிஎஃப், வேர்டு, வெறும் டெக்ஸ்ட் எல்லாமே உண்டு. பிடிஎஃப்பை எடுங்கள், வரி மடியாது, உள்தள்ளலும் கெடாது. அவர்களுடைய 'ஹாம்லெட்'டில் கூர் அடைப்பு ⟨ ⟩ ஃபோலியோவில் மட்டும் உள்ளதையும், சதுர அடைப்பு [ ] இரண்டாம் குவார்ட்டோவில் மட்டும் உள்ளதையும், அரைச் சதுர அடைப்பு ⌜ ⌝ பதிப்பாசிரியர் திருத்தத்தையும் குறிக்கும். டெக்ஸ்ட் கோப்பை வேறு செயலியில் ஒட்டினால் அந்த அரை அடைப்பு சில எழுத்துருக்களில் வெறும் கட்டமாகத் தெரியும்.

ஒலிக்கு லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளம். 'நாடக வாசிப்பு' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் இருக்கும். தன்னார்வலர்கள் தனித்தனியாகப் பதிவு செய்தவை என்பதால் ஒலியளவும் உச்சரிப்பும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் குரல் வேறுபாடு யார் பேசுகிறார் என்பதைப் பிடித்துக்கொள்ள உதவும். 64 கேபிபிஎஸ் கோப்பு மணிக்கு 29 எம்பி, 'மாக்பெத்' முழுவதும் 75 எம்பிக்குள் அடங்கிவிடும். முன்கூட்டியே இறக்கிவிட்டால் வகுப்பில் நெட் தேவையில்லை.

வரி எண் பற்றியும் சொல்ல வேண்டும். உரைநடைப் பகுதியில் வரியின் நீளம் பக்க அகலத்தைப் பொறுத்தது, அதனால் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். 'மாக்பெத்' இரண்டாம் அங்கம் மூன்றாம் காட்சியில் வாயிற்காவலன் உரைநடையில் பேசுகிறான், அதற்குப் பின் அந்தக் காட்சி முழுவதும் எண்கள் விலகிப்போகும். ஆறு பேரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளட்டும்.

அரங்கவாசகி:

மூவருக்கும் நன்றி. ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலியும் வரி நிறம் மாறுவதும் ஒத்துவரவில்லை. இன்னொன்று, திரையில் பேசுகிறவர் மட்டுமே தெரிகிறார், மேடையில் வேறு யார் நிற்கிறார்கள் என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். இதே முறையை 'மனோன்மணீயம்' படிக்கவும் பயன்படுத்தலாமா?

மேடைவிளக்கு:

ப்ளூடூத்தில் ஒலி நொடியில் பத்தில் இரண்டு பங்கு வரை தாமதமாக வரும். வீடியோ பிளேயர் அதைச் சரிசெய்துகொள்ளும், வரிக்கு நிறம் பூசும் ஆப் பெரும்பாலும் சரிசெய்யாது. ஒயர் உள்ள ஸ்பீக்கர் போதும்.

மேடையைக் காட்ட, ஏதாவது வரையும் ஆப்பில் ஒரு செவ்வகம் போடுங்கள். பின்சுவரில் இரண்டு கதவு, முன்னால் இரண்டு தூண். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிற வட்டம், நுழைவு வரும்போது உள்ளே, வெளியேற்றம் வரும்போது வெளியே. 'மாக்பெத்' மூன்றாம் அங்கம் நான்காம் காட்சி, விருந்து, இதற்கு மிகப் பொருத்தம். ஃபோலியோவில், மாக்பெத் ஆள் வைத்துக் கொன்ற பாங்க்வோவின் ஆவி நுழைந்து மாக்பெத்தின் இருக்கையில் அமரும் குறிப்பு, அவன் அதைப் பார்ப்பதற்குப் பல வரி முன்பே வருகிறது. அந்த இடைவெளியில் பார்வையாளர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சில பதிப்புகள் குறிப்பைக் கீழே தள்ளிவைக்கும். வட்டத்தை இரண்டு இடத்திலும் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அந்தச் சில வரிகளின் நடுக்கம் அப்போதுதான் பிடிபடும்.

ஒரே வரிக்கு இரண்டு மூன்று நடிகர்களைக் கேட்பதும் அப்படியே. முதல் அங்கம் ஏழாம் காட்சியில் "தோற்றுவிட்டால்?" என்று மாக்பெத் கேட்க, அவன் மனைவி சொல்வது இரண்டே சொல்: 'வீ ஃபெயில்'. ஃபோலியோவில் கேள்விக்குறி இருக்கிறது, அக்கால அச்சில் அது வியப்புக்குறியாகவும் இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் பெரும் நடிகை சாரா சிடன்ஸ் இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தவர். கேள்வியாக, ஏளனமாக, 'தோற்றால் தோற்றோம்' என்ற அமைதியாக. உங்கள் ஆறு பேரில் இருவருக்கு ஒன்று என்று கொடுத்து, டேப்லெட்டிலேயே பதிந்து அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ஐந்தசை:

'மனோன்மணீயம்' தாராளமாகப் படிக்கலாம். பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடகம், ஆங்கில நாடகம்போலவே அங்கம், களம் என்று பிரித்தது, படிப்பதற்கென்றே எழுதியது. மூலம் தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும். பெரும்பகுதி ஆசிரியப்பா, நாற்சீரடி. இங்கேயும் அடி மடிந்தால் நட்டம்தான், அடியெதுகை அடியின் தொடக்கத்தில்தானே நிற்கிறது! மடிந்த துண்டும் அடிபோலத் தோன்றினால் எதுகையைக் கண் பிடிக்காது.

சந்தி சேர்ந்த சீர்களில் இயந்திரக் குரல் தடுமாறும். ஆறு மாணவர்களையும் பாத்திரம் பிரித்து, களத்துக்கு ஒரு கோப்பாகப் பதியச் சொல்லுங்கள். முதல் நாள் சீர் பிரித்துப் படித்துப் பார்த்து, மறுநாள் சேர்த்துப் படிக்கும்போது பதியுங்கள். கோப்பின் பெயரில் அங்கம், களம் எண் இரண்டையும் போட்டால் பின்னால் தேட வேண்டியிருக்காது.