ஜேஇஇ மெயின் ஏப்ரலில் மறுபடி எழுதினால் ஸ்காலர்ஷிப் கூடுமா?

தக்கலை அப்பா:
வணக்கம். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ, தமிழ் மீடியம். ஜனவரி ஜேஇஇ மெயினில் (மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத்தேர்வு) 88.4 பர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் 88.4 சதவீதம் பேர் இவளுக்குச் சமமாகவோ கீழாகவோ. ஓபிசி, வருட வருமானம் 2.4 லட்சம், வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இந்த ஸ்கோருக்கு ஃபீஸில் 25 சதவீதம் கழிப்போம், ஏப்ரலில் ஏறினால் 50 ஆக்குவோம் என்கிறார்கள். மார்ச் முழுக்கப் பொதுத்தேர்வு. ஏப்ரலில் எழுத வைக்கலாமா? அதில் குறைந்தால் ஜனவரி ஸ்கோரும் போய்விடுமா? இல்லை, ஒரு வருஷம் கோச்சிங்கில் போட்டு அடுத்த ஜனவரிக்குப் பார்ப்பதா?

கோணம் சார்:
குறையும் என்ற பயம் வேண்டாம். இரண்டு அமர்வில் எதில் மொத்த என்டிஏ ஸ்கோர் (தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை தரும் பர்சன்டைல்) கூடுதலோ அதை வைத்துத்தான் ரேங்க். ஆனால் ஜனவரியின் கணக்கையும் ஏப்ரலின் வேதியியலையும் பிய்த்துச் சேர்க்க மாட்டார்கள். ஒரு அமர்வின் மொத்தம் மொத்தமாகவே எடுக்கப்படும்.

மறுபடி எழுதுவதற்கு முன்னால், எந்தப் பணம் எந்த மார்க்கில் நிற்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

என்ஐடி (மத்திய அரசின் தேசிய தொழில்நுட்பக் கழகம்): டியூஷன் ஃபீஸ் செமஸ்டருக்கு 62,500, வருடத்துக்கு 1,25,000. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழுசும் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. உங்களுக்கு வருடம் சுமார் 41,700 வரும். ஹாஸ்டல், மெஸ் தனி. இந்தச் சலுகை வருமானத்துக்கு, ரேங்குக்கு அல்ல. ரேங்க் சீட் வாங்கித் தருவதோடு சரி. 2025-ல் ஏறக்குறைய 14.75 லட்சம் பேர் எழுதினார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 88.4 என்பது 1.71 லட்சம் ரேங்க் பக்கம், 95 என்றால் 74 ஆயிரம், 97 என்றால் 44 ஆயிரம். ஓபிசி ரேங்க் எண் இதைவிடச் சிறிதாக, அதாவது நல்லதாக வரும் என்றாலும், 88-லிருந்து 91-க்கு ஏறினால் திருச்சி என்ஐடி கதவு திறந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று கவனியுங்கள். 2025-ல் ஜேஇஇ அட்வான்ஸ்டு (ஐஐடிக்கான அடுத்த கட்டத் தேர்வு) எழுதப் பொதுப்பிரிவுக்கு 93.10 தேவைப்பட்டது, ஓபிசிக்கு 79.43. 2025 கணக்குப்படி உங்கள் பிள்ளை அந்தக் கோட்டை ஏற்கெனவே தாண்டியாச்சு. ஓபிசி என்சிஎல் சான்றிதழ் (வசதி படைத்த மேல்தட்டில் வராத பிற்படுத்தப்பட்டோர் என்று மத்திய அரசுப் படிவத்தில் தருவது) கையில் இல்லையென்றால் அந்தக் கோடு 93-க்குப் போய்விடும். ஒரு சான்றிதழ் 14 பர்சன்டைல் வேலை செய்கிறது, எந்தக் கோச்சிங்கும் அவ்வளவு தராது.

அண்ணா பல்கலை கவுன்சிலிங்: இதற்கு நுழைவுத்தேர்வே கிடையாது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. ஜேஇஇயில் 300-க்கு 300 எடுத்தாலும் இதில் அரைப் புள்ளி ஏறாது. கணக்கில் ஒரு மார்க் விட்டால் கட் ஆஃபில் ஒன்று போகும், இயற்பியலில் ஒன்று விட்டால் அரை. முதல் பட்டதாரி சலுகை சுயநிதிக் கல்லூரியில் வருடம் 25,000 ரூபாய் அளவில் கிடைக்கும். கவுன்சிலிங்கில் எடுத்த சீட்டுக்கு மட்டும்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடைக்காது.

மத்திய அரசின் கல்லூரி ஸ்காலர்ஷிப்பும் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான்: வாரியத்தில் மேல் 20 சதவீதத்துக்குள் வரணும், வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கணும், பட்டப்படிப்பில் முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000. அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்குப் பொருந்தாது. நம்ம மாவட்டத்தில் கிறிஸ்தவ சபைகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் நிறைய இருப்பதால் பலரும் இதில் ஏமாந்துபோகிறார்கள். ஆனால் தமிழ் மீடியம் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, 2024-ல் உதவி பெறும் பள்ளிகளுக்கும் அதை நீட்டித்தார்கள்.

ஆக, ஏப்ரல் தேர்வு உங்களுக்குத் தொடுவது அந்தத் தனியார் கழிவையும் என்ஐடி சீட்டையும் மட்டும். மீதி எல்லாம் மார்ச்சில் இருக்கிறது. 800 ரூபாய் கட்டிப் பதிந்து வையுங்கள், எழுதட்டும். மார்ச் கடைசி பேப்பர் முடியும்வரை ஜேஇஇ புத்தகத்தைத் தொட வேண்டாம். ஸ்காலர்ஷிப்பை மட்டும் நினைத்து ஒரு வருஷம் உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏப்ரலில் 94, 95 தொட்டு, என்ஐடிக்குக் கொஞ்சத்தில் தவறினால் அப்போது யோசிக்கலாம். மெயின் தொடர்ந்து மூன்று வருஷம் எழுதலாம், அட்வான்ஸ்டு இரண்டு வருஷம்தான்.

களியக்காவிளை:
சார் சொன்னதோடு ஒண்ணு. பொதுத்தேர்வு முடிஞ்சு பதியலாம்னு இருந்துராதீங்க, ஏப்ரல் அமர்வுக்கு விண்ணப்பம் பிப்ரவரியிலேயே மூடிருவாங்க. புதுசா விண்ணப்பம் போட வேண்டாம், ஜனவரி நம்பரிலேயே உள்ளே போய் ஃபீஸ் கட்டினா போதும். ரெண்டு விண்ணப்பம் போட்டா சிக்கல்.

சென்டர் நாகர்கோவில் முதல்ல போடுங்க, அப்புறம் திருநெல்வேலி. எங்க பக்கத்து ஆட்கள் கிட்டம்னு திருவனந்தபுரம் போட நினைப்பாங்க. தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் சென்டர்களில் மட்டும்தான். தமிழ் எடுத்தாலும் திரையில் ஆங்கிலமும் வரும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தா ஆங்கிலம்தான் இறுதி.

பாறசாலை பக்கம் கேரளப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் கவனிங்க. என்ஐடியில் சொந்த மாநிலம்னு பார்க்கிறது பிளஸ் டூ தேறின இடத்தை, ஆதார் முகவரியை இல்ல. வீடு குமரி மாவட்டமா இருந்தாலும் உங்களுக்கு சொந்த மாநிலச் சீட் கோழிக்கோட்டில்தான், திருச்சியில் இல்ல.

பார்வதிபுரம் அக்கா:
அந்த 25, 50 சதவீதக் கதையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள் அண்ணா. கேட்க வேண்டியவை இவை. சதவீதம் டியூஷன் ஃபீஸில் மட்டுமா, மொத்தத்திலா? பெரும்பாலும் டியூஷனில்தான். டியூஷன் 2 லட்சம், ஹாஸ்டலும் மெஸ்ஸும் 1.2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 50 சதவீதம் என்று போஸ்டரில் இருந்தாலும் கட்ட வேண்டியது 2.2 லட்சம். கவுன்சிலிங் சீட்டோடு பக்கத்தில் வைத்து நான்கு வருஷத்துக்கும் கூட்டிப் பாருங்கள். சுங்கான்கடையோ வேறு எங்கோ, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் கல்லூரி என்றால் ஹாஸ்டல் செலவே இல்லை.

அடுத்து, ஜனவரி ஸ்கோரில் இப்போது பணம் கட்டிச் சீட் பிடித்தால், ஏப்ரல் ரிசல்ட் வந்த பிறகு கழிவை மாற்றித் தருவார்களா? சில இடங்களில் சேர்ந்த அன்றைய ரேங்க்தான் கடைசி வரை. போனில் சொன்னதை நம்பாதீர்கள், மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். இரண்டாம் வருஷம் கழிவு தொடர எவ்வளவு சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) வேண்டும், ஒரு அரியர் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். முதல் செமஸ்டர் கணக்கில் விழுந்து கழிவை இழப்பது சாதாரணமாக நடக்கிறது.

மறுபடி எழுதி நல்ல ஸ்கோரை வைத்துக்கொள்வது, சொந்த நுழைவுத்தேர்வு வைக்கும் சில பல்கலைக்கழகங்களிலும் உண்டு. பிட்சாட் (பிட்ஸ் பிலானியின் நுழைவுத்தேர்வு) வருடம் இரண்டு தடவை, நல்ல ஸ்கோரை எடுப்பார்கள். அது ஜேஇஇ மாதிரி இல்லை: 3 மணி நேரத்தில் 130 கேள்வி, சரிக்கு 3, தப்புக்கு மைனஸ் 1. வேகம்தான் எல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஃபீஸ் தனி, ஆகவே கழிவு கிடைத்தாலும் சேர மாட்டோம் என்ற இடத்துக்கு எழுதி என்ன பயன்?

தக்கலை அப்பா:
எல்லாருக்கும் நன்றி. மார்ச் கடைசியில் பொதுத்தேர்வு முடிந்தால் ஒரு வாரமோ பத்து நாளோதான் இருக்கும். அதில் என்ன படிக்க முடியும்?

கோணம் சார்:
புதுப் பாடம் எதுவும் வேண்டாம். ஜனவரி ரெஸ்பான்ஸ் ஷீட்டையும் (மகள் குறித்த விடைகளின் பதிவு) இறுதி ஆன்சர் கீயையும் பிரிண்ட் எடுங்கள். தப்பான கேள்வி, விட்டுவிட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்று எழுதச் சொல்லுங்கள்: பாடம் தெரியாது, தெரியும் ஆனால் கணக்குப் பிசகு, நேரம் போதவில்லை. பத்து நாளில் சரியாவது இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

மைனஸ் மார்க்கைத் தனியாக எண்ணுங்கள். ஒரு பாடத்துக்கு 20 நான்கு விடைக் கேள்வி, 5 எண் விடைக் கேள்வி, மூன்று பாடத்துக்கும் மொத்தம் 75 கேள்வி. இப்போது எண் விடைக்கும் தப்பானால் 1 கழியும், அதில் குத்துமதிப்பாகப் போடுவது வீண். நான்கு விடையில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால் மட்டும் போடலாம்.

மாநிலப் பாடப்புத்தக வேதியியலில் உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் மூன்றும் 2024-லேயே ஜேஇஇ பாடத்திட்டத்திலிருந்து போய்விட்டன. பொதுத்தேர்வுக்குப் படிக்கணும், ஏப்ரலுக்கு வேண்டாம். மிச்சமாகும் நேரத்தைப் பிளஸ் ஒன் பாடத்துக்குக் கொடுங்கள். பிளஸ் டூ பரீட்சை ஜுரத்தில் வெப்ப இயக்கவியல், சுழற்சி இயக்கம், வேதிச் சமநிலை எல்லாம் மறந்திருக்கும். மூன்றே முழுத் தேர்வு, ஹால் டிக்கெட்டில் எந்த ஷிஃப்ட் வருகிறதோ அதே நேரத்தில், கம்ப்யூட்டரில். தாளில் எழுதிப் பார்த்தால் திரையில் கேள்வி தாவும் பழக்கம் வராது.

இதற்கிடையில் நீங்கள் செய்ய வேண்டியது இ-சேவை மையம். தக்கலை கல்குளம் தாலுகாவில் வரும். முதல் பட்டதாரி சான்றுக்கு ரேஷன் கார்டு, குடும்பத்தில் படித்தவர்களின் டிசி எல்லாம் கேட்பார்கள், இப்போதே தேடி வையுங்கள். வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும். ஓபிசி என்சிஎல் மட்டும் அவசரப்பட்டு பிப்ரவரியில் வாங்க வேண்டாம், ஐஐடி என்ஐடி கவுன்சிலிங்குக்கு அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு கொடுத்ததைத்தான் ஏற்பார்கள். கையில் இருக்கும் மாநில பிசி சாதிச் சான்று அதற்குச் செல்லாது. பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே எல்லாவற்றிலும் வரட்டும், "மேரி" ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லை என்றால் சரிபார்ப்பில் நிறுத்துவார்கள்.

களியக்காவிளை:
பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கணக்கில் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைஞ்சா உடனே விடைத்தாள் நகலுக்குப் போடுங்க. நகல் வாங்கினபிறகுதான் மறுமதிப்பீடு கேட்க முடியும். சில நாள்தான் அவகாசம் தருவாங்க.