மறுமொழி: ஊசி வழங்கியா, ஊசிக்குதிரா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தையல் ஊசிப் பாக்கெட்டுகளை வகைவாரியாக அடுக்கி வைத்து, கேட்பவருக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க உதவும் கடைப்பேழைக்கு தாம் மொழிபெயர்க்கும் ஒரு பக்கத்துக்காகத் தமிழ்ச்சொல் ஒன்று வேண்டும் என்று தொண்டியிலிருந்து தோழியார் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. இதற்குள் ஊசிப்பேழை, ஊசி அலமாரி, துன்னூசிப் பெட்டகம், ஊசி வழங்கி என நான்கு சொற்கள் வந்துவிட்டன. பலரும் ஊசி வழங்கிக்கே இசைந்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பேழை என்ன வேலை செய்கிறது என்பதிலேயே நமக்குள் தெளிவு ஏற்படவில்லை என்று நினைப்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

கீழக்கரையில் தையல் சாமான் விற்கும் கடை ஒன்றில் சென்ற வாரம் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரக் காக்காவிடம் (அண்ணனை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) ஊசிகள் இருப்பது ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில். அதை அவரும் வேலைக்கு நிற்கும் பையனும் ‘ஊசி டப்பா’ என்றே சொல்கிறார்கள். யாராவது 16ஆம் நம்பர் ஊசி கேட்டால் டப்பாவைத் திறந்து, பாக்கெட்டுகளை மேசைமேல் கொட்டி, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை இறக்கி, எண்ணைப் படித்துப் பொறுக்கி எடுத்து, மிச்சத்தை அள்ளி மறுபடி உள்ளே போட வேண்டும். அந்த அரை நாளில் இது 9 முறை நடந்தது. ஒன்பதாவது முறை அவர் என்னைப் பார்த்து, “பேரை அப்புறம் வைக்கலாம் தம்பி, மொதல்ல பெட்டியச் செய்யச் சொல்லுங்க” என்றார்.

அவரிடம் கேட்டறிந்த ஒரு செய்தி நம் விவாதத்தில் இதுவரை வரவில்லை. கைத்தையல் ஊசிக்கும் எந்திர ஊசிக்கும் எண் முறை எதிரெதிரானது. கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். எந்திர ஊசியில் எண் கூடக் கூட ஊசி தடிக்கும். எந்திர ஊசிப் பாக்கெட்டில் 14 என்றும் 90 என்றும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். 90 என்பது ஊசித்தண்டின் விட்டம் 0.9 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். அப்படியே 11க்கு 75, 16க்கு 100, 18க்கு 110. மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18 என்று தையற்காரர் கேட்டு வாங்குவார். இது போதாதென்று, வீட்டு எந்திரத்து ஊசியின் மேல்தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தையலகங்களில் ஓடும் பவர் மிஷின் ஊசியின் தண்டு முழு உருண்டை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பாக்கெட்டுகளோ எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே தோற்றம். ஆகவே வெறுமனே ஊசியைப் போட்டு வைக்கும் எதுவும் இந்தப் பேழை ஆகிவிடாது. எண்ணிட்ட அறைகள் இருந்தால்தான் அது இந்தப் பேழை.

அடுத்தது துரு. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று இரு கடலின் உப்புக் காற்றையும் வாங்கும் நம் ஊர்களில் இதை விளக்க வேண்டியதில்லை. முகப்பவுடர் டப்பாவுக்குள் ஊசியைப் புதைத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. கடையில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே செய்யக்கூடியதெல்லாம் முதலில் வாங்கிய சரக்கை முதலில் விற்றுவிடுவதுதான். டப்பாவில் கொட்டி அள்ளும்போது புதுப் பாக்கெட் மேலே நிற்கும். பழையது அடியிலேயே கிடந்து, ஒரு நாள் பிரித்தால் கறுப்புத் தாளில் செம்புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே நிரப்பிக் கீழே எடுக்கும் அமைப்பு ஒன்றுதான் இதற்கு மருந்து. தோழியார் தம் முதல் கடிதத்தில் ‘அடியில் ஒரு பிளவு’ என்று எழுதியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு விவாதம் முழுவதும் அந்தப் பிளவைச் சுற்றியே நிற்கிறது.

இந்தப் பொருளின் பிறப்பிடம் நம் நாடு இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடலாம். இங்கிலாந்தில் வோர்செஸ்டர்ஷயரின் ரெடிட்ச் நகரம் 19ஆம் நூற்றாண்டில் உலகுக்கே ஊசி செய்து அனுப்பியது. அங்கிருந்து சிறு தாளுறைகளில் மடித்து வந்த ஊசிகளை வகை பிரித்து வைக்கவே மேலைநாட்டுக் கடைகளில் சிற்றிழுப்பறைகள் கொண்ட மரப்பெட்டிகள் மேசைமேல் ஏறின. தையல் எந்திரம் பரவிய பிறகு, சிகாகோவின் போய் (Boye) ஊசி நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்திர ஊசிகளையும் கீழ்நூலைத் தாங்கி ஓடும் சட்டில்களையும் வைப்பதற்கான வட்டத் தகரப் பெட்டிகளைக் கடைகளுக்குக் கொடுத்தது. ஆக, இழுப்பது, சுழற்றுவது, அடியில் எடுப்பது என்று வகைகள் பல. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைக்க முற்படுவதுதான் நம் முதல் பிழை என்று கருதுகிறேன்.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம். அலமாரி நம் கடற்கரைக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்து சாவியோடும் மேசையோடும் குடியேறிவிட்ட சொல். அதன்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் அலமாரி என்றால் ஆள் உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. நாம் பேசுவது முழ உயரப் பெட்டி. பேழை நல்ல சொல்தான். தங்கச்சிமடத்து நண்பர் தம் காதுக்குப் பேழை என்றால் நோவாவே நினைவுக்கு வருகிறார் என்று எழுதியதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டாலும், பேழை வைப்பதைச் சொல்கிறதே தவிர எடுப்பதைச் சொல்லவில்லை என்ற குறை இருக்கிறது. துன்னூசி தையல் ஊசியைக் குறிக்கும் பழஞ்சொல், கொல்லர் சேரியில் துன்னூசி விற்பவர் இல்லை என்பது பழமொழி நானூறு காட்டும் வழக்கு, சிலப்பதிகாரத்தின் இந்திர விழவில் துன்னகாரர் என்னும் தையற்காரர் வருகிறார்கள். படிக்க இனிக்கிறது. கீழக்கரைக் கடையில் போய்த் துன்னூசி கேட்டுப் பாருங்கள்.

ஊசி வழங்கியின் குறை வேறு வகையானது. இன்றைய தமிழில் ஊசி என்ற சொல்லைத் தனியே நிறுத்தினால் பாதிப் பேருக்கு மருத்துவமனைதான் தோன்றும். ராமநாதபுரத்தில் செவிலியராக இருக்கும் என் மைத்துனியிடம் இச்சொல்லை மட்டும் சொல்லி என்ன பொருள் என்று கேட்டேன். தடுப்பூசி மருந்தை எடுத்துக் கொடுக்கும் கருவியா என்று திருப்பிக் கேட்டார். கணினித்துறையிலோ வழங்கி என்ற சொல் server என்பதற்கு ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது; பணவழங்கி (ATM) என்னும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் தானே தள்ளிவிடும் எந்திரம் நினைவுக்கு வருகிறது. நம் பேழை எதையும் வழங்குவதில்லை. அடியில் ஒரு பாக்கெட்டை எட்டும்படி நிறுத்தி வைக்கிறது. எடுப்பது கடைக்காரரின் விரல்.

மேலே கொட்டி நிரப்புவது, அடித்துளையில் வேண்டிய அளவு எடுப்பது, பழையது முன்னால் வெளியேறுவது என்ற மூன்றையும் ஒருசேரக் கொண்ட ஒரு சேமக்கலம் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. அது குதிர். மண்ணால் உறை உறையாக அடுக்கி, மேல்வாயில் நெல்லைக் கொட்டி மூடி, அடியில் விட்ட துளையைத் துணியால் அடைத்து வைத்து, தேவைப்படும்போது துணியை உருவி நெல்லைச் சரியவிடும் அந்தக் கலத்தின் வேலையும் இந்தக் கடைப்பெட்டியின் வேலையும் ஒன்றே. வைத்தலும் எடுத்தலும் குதிர் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பேழைக்கு ஒரு சொல், வழங்கலுக்கு ஒரு சொல் என்று இரண்டை ஒட்டவைக்கத் தேவையில்லை. ஆகவே நான் முன்வைப்பது ஊசிக்குதிர்.

சாயல்குடிப் பக்கத்து நண்பர்கள் உடனே கேட்பார்கள்: நம் பக்கம் அதைக் குலுக்கை என்றல்லவா சொல்வோம், சோழநாட்டுச் சொல்லை ஏன் இங்கே இறக்குமதி செய்கிறாய் என்று. நியாயமான கேள்வி. என் பாட்டி வீட்டில் கேழ்வரகு இருந்ததும் குலுக்கையில்தான். குதிர் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில்தான் கற்றேன். ஊசிக்குலுக்கை என்றே முதலில் எழுதியும் பார்த்தேன். ஆனால் இன்று குலுக்கை என்று சொல்லி வாய் மூடுமுன் குலுக்கல் பரிசு நினைவுக்கு வந்துவிடுகிறது. ஊசியைக் குலுக்கி எடுக்கும் ஏதோ ஒரு விளையாட்டு என்றுதான் புதியவர் நினைப்பார். எந்த டப்பாவைக் குலுக்கித் தேடும் தொல்லையைப் போக்க நினைக்கிறோமோ அதையே பெயராக வைத்தது போலவும் ஆகிவிடும். மனமில்லாமல்தான் என் ஊர்ச்சொல்லை விட்டேன்.

மற்றொரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன். குதிர் உள்ளிருப்பதை மறைக்கும். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பிள்ளையின் கதை அதனால்தான் பிறந்தது. கடைப்பேழையோ முகப்பில் கண்ணாடி வைத்துச் சரக்கைக் காட்டுவது. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. உவமையால் பிறக்கும் சொல் எல்லாப் பக்கமும் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஊசியின் துளைக்குக் காது என்று பெயர் வைத்திருக்கவே முடியாது. குதிர் எவ்வளவு பெரியது, இந்தப் பெட்டி எவ்வளவு சிறியது என்று யாராவது சிரித்தால் அதற்கும் இதுவே என் பதில்.

சொல்லைக் காகிதத்தில் மட்டும் சோதிக்க வேண்டாம் என்று, எங்கள் ஊர்த் தச்சரிடம் 4 தடங்கள் கொண்ட சிறு பெட்டி ஒன்றைச் செய்யச் சொன்னேன். அடிப்பிளவின் உயரம் ஒரு பாக்கெட்டின் தடிமனுக்கு மேலும் இரண்டின் தடிமனுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. முதல் நாள் சரியாக வேலை செய்தது. மழை தூறிய மறுநாள் தாளுறைகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நடுவிலேயே நின்றுவிட்டன. தச்சர் தடத்தின் அடியை முன்பக்கம் சற்றே சாய்த்து, அடுக்கின் மேல் ஒரு சிறு பித்தளைக் கட்டியை வைத்தார். இப்போது ஒன்றை உருவினால் அடுத்தது தானே இறங்குகிறது. கண்ணாடி வழியே அந்தக் கட்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே இருப்பு தெரிந்துவிடுவது நாங்கள் எதிர்பாராத வசதி. இதைச் செய்துகொண்டிருக்கும்போதே உறுப்புகளுக்கும் பெயர் வந்துவிட்டது: பாக்கெட்டுகள் இறங்கும் வழியைத் தடம் என்றும், பிளவைக் கீழ்வாய் என்றும், மேலே வைக்கும் கட்டியைப் பாரம் என்றும் தச்சரே சொன்னார். நான் ஒன்றையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இழுப்பறைகள் கொண்ட வகைக்கு ஊசிக்குதிர் பொருந்தாது. அதற்கு அஞ்சறைப்பெட்டியின் வழியில் ஊசியறைப்பெட்டி என்று சொல்லலாம். கடுகும் மிளகும் வைக்கும் பெட்டிக்கு அறையை வைத்துப் பெயரிட்ட நம் சமையலறைக்கு இது புதிதாகத் தோன்றாது. சிகாகோவின் வட்டப் பெட்டி போன்றவை சுழலும் வகையாக இருந்தால் அதற்கு முன்னால் சுழல் என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவ ஊசியோடும் வலை ஊசியோடும் குழப்பம் வரக்கூடிய இடங்களில் மட்டும் தையலூசிக் குதிர் என்று விரித்து எழுதலாம். இராமேசுவரத்தில் மீன்பிடித் தடைக்காலத்தில் ஊசி என்று கேட்டால் வலை பின்னும் ஊசியைத்தான் எடுத்துத் தருவார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பாக்கெட் என்பதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சிப்பம் என்று மாற்றச் சொன்ன நண்பர் அரிசிக் கடைக்குப் போய் ஒரு சிப்பம் கேட்டால் 25 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றிவிடுவார்கள்.

கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பதற்கான வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: ‘ஊசிக்குதிர் – தையல் ஊசிப் பாக்கெட்டுகளை எண்வாரியாகத் தனித்தனித் தடங்களில் மேலிருந்து நிரப்பி, கீழ்வாய் வழியே ஒவ்வொன்றாக எடுப்பதற்கான கடைப்பேழை.’ வரையறைக்குள் பேழை என்ற சொல் வருவதில் எனக்குத் தடை இல்லை; திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

தோழியார் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் படம் இருப்பதாகச் சொன்னார். இழுப்பறைக் குமிழ்கள் தெரிந்தால் ஊசியறைப்பெட்டி என்றும், அடியில் பிளவு தெரிந்தால் ஊசிக்குதிர் என்றும் எழுதிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தே இருந்தால் என்ன செய்வது என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. அந்தப் படத்தை அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
பெரியபட்டினத்திலிருந்து