விசுவமடுவில் இருந்து வீட்டு வேலை: ஸ்பீட் டெஸ்ட் நன்றாகக் காட்டுகிறது, மீற்றிங் மட்டும் உடைகிறது

தேக்கங்காடு கேட்டது:

வணக்கம். விசுவமடுவில் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. கொழும்பில் உள்ள ஒரு கொம்பனிக்கு வீட்டிலிருந்தே புரோகிராமிங் வேலை செய்கிறேன், சேர்வர் பக்கம்தான், பெரும்பாலும் கோ மொழி, இடைக்கிடை நோட். பைபர் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை, எப்போது வரும் என்று கேட்டால் "பாப்பம்" என்பதோடு சரி. ஆகவே 4ஜி ரவுட்டர்தான்.

ஸ்பீட் டெஸ்ட் போட்டால் டவுன்லோட் 20 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் காட்டுகிறது. ஆனால் மீற்றிங்கில் நான் கதைப்பது மற்றவர்களுக்கு விட்டு விட்டுத்தான் கேட்கிறது. பின்னேரமானால் தூரத்துச் சேர்வருக்குள் போய் வேலை செய்யும் எஸ்எஸ்எச்சில் ஓர் எழுத்தை அடித்துவிட்டு அது திரையில் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதையெல்லாம் விடக் கொதி வருவது கிட் குளோனில், அதாவது கோட் முழுவதையும் நகலெடுத்து இறக்குவதில்: கொம்பனியின் ரெப்போ (கோட் களஞ்சியம்) பழைய வரலாறு முழுவதையும் சுமந்துகொண்டு பல ஜிபி நிற்கிறது, முக்கால்வாசி இறங்கிய பிறகு லைன் ஒருக்கால் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. டேற்றாவும் போச்சு, பொழுதும் போச்சு.

மழை என்றால் இன்னும் மோசம். கிளிநொச்சி டவுனில் ஓர் அறை எடுக்கலாம்தான், ஆனால் வயலும் மாடும் இருக்கின்றன, அப்பாவுக்குத் தனியே ஏலாது. இங்கேயே இருந்து வேலை செய்யும் ஆக்கள் என்ன செய்கிறீர்கள்? ரவுட்டரை மாற்றுவதா, வெளியே அன்ரெனா போடுவதா, சற்றலைட் இன்டர்நெட்டான ஸ்டார்லிங்கா?

ஏ9_காரன்:

ஸ்டார்லிங்க் எடுங்கள் தம்பி, கதை முடிந்தது. 2025 யூலையில் இலங்கையில் தொடங்கிவிட்டார்கள். வளவில் வானம் தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று இருந்தால் போதும்.

குளக்கட்டு:

வானம் தெரிந்தால் மட்டும் போதாது அண்ணை, காசும் தெரிய வேண்டும். அதோடு ஸ்டார்லிங்கின் சாதாரண தட்டு அன்ரெனா 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், கரண்ட் போனால் சின்னப் பற்றரியில் ஓட்ட முடியாது. தென்னைகளுக்கு நடுவில் வைத்தால் அடிக்கடி மறைபட்டு அறுந்துகொண்டே இருக்கும். கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் என்ன வருத்தம் என்று பார்க்காமல் மருந்து வாங்கக் கூடாது.

தேக்கங்காடு, ஸ்பீட் டெஸ்டில் வரும் அந்தப் பெரிய இலக்கத்தை விடுங்கள். குரல் போக 100 கேபிபிஎஸ் கூடத் தேவையில்லை, அது நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் முக்கியம். ஒரு பக்கம் பிங்கை (ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது) ஓடவிட்டுக்கொண்டு மறுபக்கம் போனில் இருந்து ஒரு பெரிய வீடியோவை எங்காவது ஏற்றிப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 60 மில்லிசெக்கன் காட்டிய பிங் 1000, 2000 என்று ஏறினால் உங்கள் அப்லோட் வரிசை நிரம்பி வழிகிறது, உங்கள் குரலும் எஸ்எஸ்எச் எழுத்தும் அந்த வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. இதைத்தான் பஃபர்புளோட் என்பார்கள். 4ஜியில் டவுன்லோட் எவ்வளவு இருந்தாலும் அப்லோட் மெல்லியதுதான், வீட்டில் ஒருவருடைய போன் படங்களை கிளவுட்டுக்கு ஏற்றத் தொடங்கினாலே போதும். பின்னேரம் மட்டும் மோசம் என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ரியூசன் முடிந்து வீட்டுக்கு வரும் போன்களில்தான்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போடக்கூடிய ரவுட்டர் ஒன்றை இடையில் வைத்து, வரிசையை நிரம்பவிடாமல் ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் போட்டால் இது பெரும்பாலும் அடங்கும். 4ஜி வேகம் நிலையாக நிற்காது என்பதால் அப்லோட் எல்லையை உங்களுக்குக் கிடைக்கும் மோசமான நேர வேகத்துக்கும் கொஞ்சம் கீழே வையுங்கள். வேகம் குறையும், ஆனால் மீற்றிங் உடையாது.

அடுத்தது சிக்னல். ரவுட்டரில் எரியும் கோடுகளை நம்ப வேண்டாம், அதன் அட்மின் பக்கத்துக்குள் போனால் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு) என்று இரண்டு இலக்கங்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி -90க்கு மேல் என்றால் நல்லது, -110ஐ நெருங்கினால் இழுபறி. எஸ்ஐஎன்ஆர் 13க்கு மேல் என்றால் வடிவாக ஓடும், பூச்சியத்துக்குப் பக்கத்தில் என்றால் இரைச்சலுக்குள் மாட்டுப்பட்டிருக்கிறீர்கள். இரண்டும் நன்றாக இருந்தும் பின்னேரம் மட்டும் படுத்தால் டவரில் சனம் கூட, அதற்கு எந்த அன்ரெனாவும் உதவாது. அப்படியென்றால் வேறு கொம்பனி சிம் ஒன்றைப் போனில் போட்டு அதே இடத்தில், அதே பின்னேரத்தில் பார்த்துவிட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும். காலையில் பார்த்துப் பிரயோசனமில்லை.

தேக்கங்காடு:

பார்த்தேன். அறைக்குள் ஆர்எஸ்ஆர்பி -108, எஸ்ஐஎன்ஆர் 2, 3 என்று நிற்கிறது. ரவுட்டரை நீள வயரோடு கிணற்றடிக்குக் கொண்டுபோனால் -96, எஸ்ஐஎன்ஆர் 10. நடுவில் நிற்பது இரண்டு மாமரமும் ஒரு தகரக் கொட்டிலும். போன் விசயமும் சரிதான், தங்கச்சியின் போன் வைஃபையில் ஏறியதும் பிங் துள்ளுகிறது. கேட்டால் "நான் ஒண்டும் செய்யேல்லை, அது தானாப் போகுது" என்கிறாள்!

அப்படியென்றால் குளோனுக்கு என்ன வழி?

அறிவியல்நகர்:

பொறியியல் பீடத்தில் படித்த காலத்தில் விடுதியில் நாங்கள் எல்லோரும் ஒரே லைனைப் பங்குபோட்டுப் பழகியது, ஆகவே இது எனக்குக் கைவந்த விசயம்.

கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, கிட் அப்படித்தான். ஆகவே ஒரேயடியாக இழுக்காதீர்கள். முதலில் டெப்த் 1 கொடுத்துக் குளோன் செய்யுங்கள், கடைசிக் கொமிற் (பதிந்த மாற்றம்) மட்டும் வரும், வேலையைத் தொடங்கிவிடலாம். பிறகு ஃபெச்சில் டீப்பன் கொடுத்து நூறு, இருநூறு கொமிற்றாகப் பின்னோக்கி இழுக்கலாம், அறுந்தாலும் அந்தத் துண்டு மட்டும்தான் போகும். ப்ளொப் (ஃபைல்களின் உள்ளடக்கம்) இல்லாமல் வரலாற்றை மட்டும் எடுக்கும் ஃபில்டரும் இருக்கிறது, ஆனால் எந்த வரியை யார் மாற்றியது என்று பிளேம் பார்க்கும்போதெல்லாம் நெற்றுக்கு ஓடும், உங்கள் லைனுக்கு அது எரிச்சல்.

முழுதும் வேண்டும் என்றால் கிட் பண்டில். கொம்பனி சேர்வர் ஒன்றில் ரெப்போவை ஒரே ஃபைலாகக் கட்டச் சொல்லுங்கள், அதை ஃபைல் இறக்கும் ஆர்சிங்க் கருவியில் பார்ஷல் கொடுத்து இறக்குங்கள், எத்தனை முறை அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து வரும். இரவு 12க்குப் பிறகு தனி டேற்றா தரும் பக்கேஜ் என்றால் அந்த நேரத்துக்குப் போட்டுவிட்டுப் படுக்கலாம். இறங்கியதும் பண்டிலில் இருந்து குளோன் செய்து ஒரிஜின் முகவரியைக் கொம்பனியின் ரெப்போவுக்கு மாற்றினால் சரி.

ஆனால் என் அபிப்பிராயம், கோட் உங்கள் லப்டொப்பில் இருக்கவே தேவையில்லை. சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஒரு சின்ன சேர்வர் கேளுங்கள், டொக்கர் பில்ட், மொடியூல் டவுன்லோட் எல்லாம் அங்கேயே நடக்கட்டும், 4ஜியில் போய் வருவது எழுத்து மட்டும். எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மொஷ் பாவியுங்கள். அது யூடிபியில் ஓடுவதால் லைன் அறுந்து ஐபி மாறினாலும் செசன் சாகாது, அடிக்கும் எழுத்தைச் சேர்வரின் பதிலுக்குக் காத்திராமல் திரையில் காட்டிவிடும். சேர்வரில் யூடிபி 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும், உள்ளே, திறந்த வேலையை அப்படியே வைத்திருக்கும் டிமக்ஸ் ஓடட்டும்.

இன்னொன்று, வெப்ஹூக் (வேறு சேர்வர் தானாக அனுப்பும் அறிவிப்பு) எதையும் வீட்டு ஐபிக்கு வரவைக்கப் பார்த்து மண்டையை உடைக்காதீர்கள். ரவுட்டரின் வெளி முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் அது சிம் கொம்பனிக்காரனின் நட்டுக்குள் (பலர் ஒரே வெளி முகவரியைப் பங்குபோடும் ஏற்பாடு) இருக்கிறது, வெளியிலிருந்து யாரும் நேரே வர முடியாது. அதற்கும் அந்தச் சேர்வர்தான் வழி.

ஏ9_காரன்:

இவ்வளவும் செய்வதற்கு ஒரு தட்டை வாங்கிவிட்டுப் போகலாம் 😀

மழைக்காடு:

அண்ணை வாங்கித் தந்தால் தம்பி வேண்டாம் என்றா சொல்லுவார்?

நான் ஒட்டுசுட்டான் பக்கம், என் அனுபவத்தில் கிணற்றடி -96தான் விடை. ஆனால் ரவுட்டரை அறைக்குள் வைத்துவிட்டு நீளமான அன்ரெனா வயர் இழுக்காதீர்கள் தம்பி. மெல்லிய ஆர்ஜி58 வயர் இந்த அலைவரிசைகளில் ஒரு மீற்றருக்கு ஒரு டெசிபெல் அளவில் தின்றுவிடும், அன்ரெனாவால் வந்தது வயரோடு போய்விடும். வெளியே வைப்பதற்கென்றே செய்த 4ஜி ரவுட்டர் இருக்கிறது, அதைக் கம்பத்தில் கட்டி நெற்வேர்க் வயரை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள், 100 மீற்றர் வரை பிரச்சினையில்லை, கரண்டும் அதே வயரில் போகும். மாரியில் நனைந்த இலை சிக்னலை விழுங்கும், ஆகவே மரத்துக்கு மேலால் டவரைப் பார்க்கும் உயரம் வேண்டும்.

இடி கவனம். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் வானம் கறுத்தால் அந்த வயரை வீட்டுப் பக்கத்தில் கழற்றி எறியுங்கள், கம்பத்துக்கு எர்த்தும் போட வேண்டும். எர்த் போட்டால் கழற்றத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கரண்டுக்கு, 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்போது பழகியது: 230 வோல்ட் யூபிஎஸ் வேண்டாம், 12ஐ 230 ஆக்கித் திரும்ப 12 ஆக்குவதில் நிறைய வீண். ஒரு 12 வோல்ட் 7 ஏஎச் பற்றரி 84 வாட் மணி, பாதியைத்தான் பாவிக்கலாம் என்று வைத்தாலும் 10 வாட் ரவுட்டர் நான்கு மணி நேரம் நிற்கும். சார்ஜ் ஏறும்போது பற்றரி 14 வோல்ட் வரை போகும், நடுவில் ரெகுலேற்றர் ஒன்று போடாமல் நேரே கொடுக்காதீர்கள்.

தேக்கங்காடு:

நன்றி அக்கா. வெளி ரவுட்டர் வாங்கும்வரை இருக்கிற ரவுட்டரையே பெட்டிக்குள் வைத்துக் கம்பத்தில் ஏற்றலாமா?

மழைக்காடு:

ஏற்றலாம், ஆனால் பிளாஸ்ரிக் பெட்டி, இரும்புப் பெட்டி சிக்னலை மறைக்கும். வெயில் நேரே படாத பக்கம் கட்டுங்கள், காற்றுப் போக அடியில் மட்டும் ஓட்டை போடுங்கள். எறும்பு வரும், ஓட்டைக்கு நுளம்பு வலைத் துண்டு ஒன்று ஒட்டிவிடுங்கள்.