‘கார்னி’: மொக்கை வேண்டாம், அசடு இருக்கிறது

அன்புள்ள நண்பர்களுக்கு,

உருக்கம் மிகுந்து கேட்பவரைக் கூச வைக்கும் பேச்சை ஆங்கிலத்தில் ‘கார்னி’ (corny) என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்த பரிந்துரைகள்: மொக்கை, கடி, தேய்வழக்கு, பட்டிக்காட்டுத்தனம். நான்கிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பட்டிக்காட்டுத்தனத்துக்குச் சொற்பிறப்பின் ஆதரவு உண்டு. 1930களில் அமெரிக்க ஜாஸ் இசைக்காரர்கள், நாட்டுப்புற வாடை அடிக்கும் பழைய பாணி வாசிப்பைக் கேலி செய்யப் பயன்படுத்திய சொல் கார்னி. ‘கார்ன்’ என்றால் மக்காச்சோளம்; அது விளைகிற ஊர்க்காரர்களின் ரசனை என்ற இளக்காரம். இன்று அதைச் சொல்பவர் மனத்தில் சோளமும் இல்லை, கிராமமும் இல்லை. அவர்களே மறந்துபோன இளக்காரத்தை நாம் ஏன் தமிழில் புதிதாக நட வேண்டும்?

மொக்கைக்கு வருகிறேன். அண்மையில் ஒரு படத்துக்குத் துணையுரை (சப்டைட்டில்) எழுதினேன். ‘உன்னைப் பார்த்த அன்றைக்கு நின்ற கடிகாரம் இன்னும் ஓடவில்லை’ என்கிறான் அவன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ‘சோ கார்னி’ என்கிறாள். பிடித்த கையை விடவில்லை. ‘செம மொக்கை’ என்று போட்டுப் பார்த்தேன். அவள் அவனை உதறிவிட்டாற்போல் ஆகிவிட்டது. மொக்கையில் சரக்கே இருக்காது. கார்னியிலோ உருக்கம் வழிகிறது, அதுவும் மனதார. அதனால்தான் கேட்பவருக்குக் கூச்சமும் பிரியமும் ஒன்றாக வருகின்றன. ‘சீ, அசடு!’ என்று மாற்றினேன். காட்சி உயிர் பெற்றது.

திட்டும்போதே கொஞ்சுகிற சொல் அசடு. ‘அசட்டுத் தித்திப்பு’ என்று ஏற்கெனவே சொல்கிறோமே, முகம் சுளிக்க வைக்கும் அந்த இனிப்பு, அதுதான் கார்னியின் ருசி. இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். ஆங்கிலத்தில் தன் பேச்சையே கார்னி என்று முன்கூட்டிச் சொல்லிக்கொள்வார்கள். ‘கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்’ என்பது தமிழில் இயல்பாகவே வருகிறது. ‘கொஞ்சம் தேய்வழக்காக இருக்கும்’ என்று யாரும் பேசமாட்டார்கள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொடரைக் குறிக்கும் ‘கிளிஷே’வுக்கே (cliché) அது இருக்கட்டும்.

நகைச்சுவைக்கு மட்டும் ‘புளித்துப்போன’ பொருந்தும். கடி வேறு, அது வேண்டுமென்றே கடிப்பது. கார்னிக்கு நெருக்கமான இன்னொரு ஆங்கிலச் சொல்லான ‘சீஸி’யில் (cheesy) மலிவான பகட்டும் சேர்கிறது, அதற்கு ‘வழிசல்’ சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

ஆக என் பரிந்துரை: பெயராக ‘அசட்டுத் தித்திப்பு’, பெயரடையாக ‘அசட்டு’. அசட்டு வசனம், அசட்டுக் கவிதை, அசட்டு வாழ்த்து. ‘அசட்டு’ தனியே நின்றால் முட்டாள்தனம் என்ற பொருள் முந்திக்கொள்ளுமா? அகராதிப் பதிவுக்கு ‘அசட்டுத் தித்திப்பான’ என்று முழுதாகவே போட்டுவிடலாமா? இந்த இடத்தில்தான் உங்கள் கருத்து வேண்டும்.