வடசென்னையில் முதியவர் ஒருவர் நடப்பதற்கு ஏற்ற பூங்காக்களும் வழிகளும் எவை?

வெயில்காலம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்ற என் தந்தையார் கும்பகோணத்திலிருந்து தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஊரில் காவிரிக் கரையோரம் தினமும் காலையில் நடந்து பழகியவர். இங்கே தெருமுனையில் இருக்கும் மாநகராட்சிப் பூங்காவில் எட்டு வடிவ நடைபாதையையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டியிருப்பதால், தன்னைச் செக்குமாடாக்கிவிட்டோம் என்று சலித்துக்கொள்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு. முழங்கால் வலியும் அவ்வப்போது வரும். ஆனாலும் சமதளமாக இருந்தால் ஒரு மணி நேரம் தாராளமாக நடப்பார். கோயில், பழைய கட்டடம், மரம் என்றால் நின்று பார்ப்பதில் ஆர்வம் அதிகம்.

இணையத்தில் தேடினால் செம்மொழிப் பூங்கா, கிண்டி, அடையாறு என்று எல்லாமே தெற்கே இருப்பவையாக வருகின்றன. ஞாயிறுதோறும் அவரை அவ்வளவு தூரம் அழைத்துச் செல்ல எனக்கு இயலாது. ராயபுரம், பெரம்பூர், மாதவரம், திருவொற்றியூர் எல்லைக்குள் நீங்கள் உண்மையிலேயே நடந்து பார்த்த இடங்களைச் சொல்லுங்கள். கழிப்பறை, உட்காரும் இடம், லாரித் தொல்லை ஆகியவற்றைப் பற்றியும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.

மதில்மேல் எழுதியது:

பழைய கட்டடங்களில் ஆர்வம் என்று சொன்னதால் முதலில் மாடிப்பூங்காவைச் சொல்கிறேன். பழைய ஜெயில் ரோட்டை ஒட்டியுள்ள இந்தச் சிறிய பூங்கா, தரையில் அமைந்ததன்று. ஒரு காலத்தில் ஊரைச் சூழ்ந்திருந்த கோட்டை மதிலின் எஞ்சிய துண்டின் மேல் அமைந்தது. பெயருக்குக் காரணமும் அதுவே. 1758-59இல் பிரெஞ்சுப் படை ஊரை முற்றுகையிட்டது. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல் வரை வந்து கிழக்கிந்தியக் கும்பினியாரை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தது. இவற்றுக்குப் பிறகுதான் அன்றைய கறுப்பர் நகரத்துக்கு, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு, வலுவான மதில் எழுப்பப்பட்டது. மேற்குப் பக்க மதில் போய்விட்டது. அதன் செலவுக்காகப் போட நினைத்த வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்குப் பக்கத்தில்தான் இந்தத் துண்டு தப்பியது. பூசப்படாத இடங்களில் செங்கல் வரிசையைத் தொட்டே பார்க்கலாம். மேலே நின்றால் கீழே போகும் மாநகரப் பேருந்தின் கூரை தெரியும். சென்னையில் இப்படியொரு பூங்கா வேறு எங்கும் கிடையாது; ஆனால் அதன் வாசலைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவர்களிலேயே பலர் ஒரு முறைகூட மேலே ஏறியதில்லை.

அதே சாலையில் உள்ள பாரதி மகளிர் கல்லூரி, பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் அமைந்தது. அங்கிருந்து ஸ்டான்லி மருத்துவமனையைக் கடந்து பழைய வண்ணாரப்பேட்டைக்குள் போனால் ராபின்சன் பூங்காவுக்குச் சென்றுவிடலாம். இன்று அதற்கு அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர். பெரியவர்கள் வாயில் இன்னும் ராபின்சன் பார்க்தான். 1949 செப்டம்பர் 18ஆம் தேதி கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த திடல் அது. உங்கள் தந்தையார் எந்தக் கட்சியை ஆதரிப்பவராக இருந்தாலும், அங்கே சற்று உட்கார்ந்து பேச விஷயம் இருக்கும். இன்னும் தெம்பு இருந்தால் ராயபுரம் ரயில் நிலையம் வரை போகலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா நோக்கிப் புறப்பட்டது அங்கிருந்துதான்.

இந்த நடையை ஞாயிறு காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. அதன் பின் எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள் திறக்கத் தொடங்கும். மாலையில் அங்கே நடப்பது என்பது தள்ளப்படுவதே தவிர நடப்பதன்று.

பால்பண்ணைவாசி எழுதியது:

மேலே எழுதியவரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்கு முதல் பரிந்துரையாகப் படியேறும் பூங்காவையும், நடைமேடை பாதி இடங்களில் கடைகளுக்குப் போய்விட்ட தெருக்களையும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை ஆண்டுக்கு ஓரிரு முறை பார்க்கலாம். வாராவாரம் நடப்பதற்கு வேண்டியது நிழலும், மேடுபள்ளம் இல்லாத பாதையும், அருகிலேயே கழிப்பறையும்தான்.

அந்த வகையில் மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் தோட்டக்கலைத் துறை நடத்தும் தாவரவியல் பூங்காவைத்தான் முதலில் வைப்பேன். பரப்பு ஏறத்தாழ 20 ஏக்கர். நுழைவுக் கட்டணம் உண்டு. ஒரே வட்டத்தைச் சுற்றாமல் வெவ்வேறு கிளைப்பாதைகளில் மாறி மாறிப் போகலாம் என்பதால், உங்கள் தந்தையாரின் செக்குமாட்டுக் குறை தீரும். மரம் பார்ப்பவர் என்றால் அங்கே அவரை அவசரப்படுத்த வேண்டாம். ஆனால் ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் திருமணப் படப்பிடிப்புக்காரர்களும் பாதையை நிறைத்துவிடுவார்கள். வார நாள் என்றால் அவருக்கே அந்த இடம் சொந்தம் போல இருக்கும்.

பெரம்பூரில் மேம்பாலத்தை ஒட்டியுள்ள முரசொலி மாறன் பூங்காவும் உண்டு. வாகன இரைச்சல் கேட்கத்தான் செய்யும். ஆனாலும் பெரம்பூர் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அதிகாலையில் கூட்டமாக நடப்பவர்கள் இருப்பதால், தனியாக வரும் முதியவருக்குப் பேச்சுத்துணை கிடைக்கும். என் மாமனார் அங்கே போவது நடப்பதற்காகவா, நடந்து முடித்தபின் வாசலில் டீ குடித்தபடி அரசியல் பேசுவதற்காகவா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை முடிவாகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்கழி, தை மாதங்களில் விடியலுக்கு முன் நடப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அந்தக் குளிரில் காற்று அசையாமல் நிற்பதால் மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் வாகனப் புகையும் மேலே கலைந்து போகாமல் தாழ்வாகத் தங்கிவிடும். போகி நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெயில் சற்று ஏறியபின் கிளம்பினால் போதும். சர்க்கரை உள்ளவர் என்பதால் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். கூழாங்கல் பதித்த பாதை கண்ணில் பட்டால் அவர் வெறுங்காலோடு இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண்பட்டதுகூடத் தெரியாது.

அலைவாய் எழுதியது:

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு யாரும் கடலைப் பற்றிப் பேசாதது வியப்பாக இருக்கிறது. எங்களுக்கு ஏன் மெரினா போன்ற மணற்பரப்பு இல்லை என்று வெளியூரிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். உங்கள் தந்தையாரும் கேட்கக்கூடும். இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்களைக் கட்டியபோது அந்த மணல் தெற்கேயே தடைபட்டு நின்றது. மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களே கடலுக்குள் போன குப்பங்கள் இங்கே உண்டு. கரையோரம் நீளமாகக் கொட்டிக் கிடக்கும் பாறைகளும், கடலுக்குள் நீண்டிருக்கும் தூண்டில் வளைவுகளும் அந்த அரிப்பைத் தடுக்கப் போட்டவை. இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு இடையில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கும். அதுதான் எங்கள் கடற்கரை.

பாறைகளின் மேல் முதியவர்களை ஏற்ற வேண்டாம், பாசி வழுக்கும். எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரமாக நடக்கவும் நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் பாராமல் வரிசையில் நிற்கும். மாறாக, மெட்ரோவில் ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்கிவிடுங்கள். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின் இது மிகவும் எளிதாகிவிட்டது. மின்தூக்கி இருப்பதால் முழங்காலுக்கும் வேலையில்லை. தியாகராஜர் வடிவுடையம்மன் கோயில் நடை தூரம்தான். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் மகிழமரத்தைக் கும்பகோணத்துக்காரருக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கல் சூடேறுவதற்கு முன் வெளிப்பிராகாரத்தை நிதானமாகச் சுற்றினாலே நல்ல நடை ஆகிவிடும். அதன் பின் ஆட்டோவில் பட்டினத்தார் சமாதிக்குப் போகலாம். கடலுக்கு எதிரே இருப்பதால் காற்று நன்றாக வரும், உட்காரவும் இடம் உண்டு.

வெயில்காலம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பட்டினத்தார் சமாதி என்று படித்துக் காட்டியதும், வரும் ஞாயிறே போகலாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். மாடிப்பூங்காவையும் விட மனமில்லை என்கிறார். படிகளைப் பற்றி மட்டும் சற்றுத் தெளிவாகச் சொல்ல முடியுமா? ரெட்டேரிப் பக்கம் நடக்கலாமா?

மதில்மேல் எழுதியது:

பால்பண்ணைவாசி சொன்னது நியாயமே. ஒரு மாடி ஏறும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக, இடையில் நின்று ஏறினால் போதும். வலி இல்லாத நாளாகப் பார்த்து, முதலில் அங்கே சென்றுவிட்டு, மீதியை ஆட்டோவில் பார்க்கட்டும். நடைக்கும் சேர்த்து அன்றே திட்டமிட வேண்டாம். பகல் நேரத்தில் பூட்டப்படும் பூங்காக்கள் உண்டு என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

பால்பண்ணைவாசி எழுதியது:

ரெட்டேரியை நடைக்காக அன்றி, பறவைகளுக்காகப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர் நிறைந்திருக்கும் நாட்களில் நாமக்கோழி, தாழைக்கோழி, முக்குளிப்பான் ஆகியவற்றைச் சாலையோரத்திலிருந்தே காணலாம். ஆனால் பக்கத்தில் வாகனங்கள் வேகமாகச் செல்லும். அவர் தனியாகப் போக வேண்டாம், நீங்கள் உடன் இருக்கும் ஞாயிறாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.