கூலரா, கூலிங்கா?

குழு: நம்ம குடும்பம்

அத்தை, இரவு 8:05
(பலமுறை பகிரப்பட்டது) "அதிர்ச்சி!!! கர்நாடக அணுமின் நிலையத்தில் குளிரூட்டும் தண்ணீரில் கதிரியக்க விஷம். சதிகாரன் உள்ளேயே இருக்கிறான். ஊழியர்கள் மருத்துவமனையில். டிவியில் காட்ட மாட்டார்கள். எல்லோருக்கும் அனுப்பவும்"

அத்தை, 8:06
அண்ணா, இதைப் பாருங்கள். கார்த்தி திங்கட்கிழமை கைகா அணுமின் நிலையத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கார்த்தி, 8:07
அம்மா, இதைக் குழுவில் போடாதே என்று சொன்னேன் அல்லவா?

அப்பா, 8:09
இதில் தேதியே இல்லையே.

பெரியப்பா, 8:21
தேதி போட்டால் யார் அனுப்புவார்கள்? இது 2009 நவம்பரில் நடந்தது. இடம் கைகாதான், கார்வார் பக்கம். ஆனால் கெட்டது குளிரூட்டும் தண்ணீர் இல்லை. ஊழியர்கள் குடிக்கிற வாட்டர் கூலர். யாரோ கூலரைக் கூலிங் ஆக்கிவிட்டார்கள்.

அத்தை, 8:22
குடிக்கிற தண்ணீரா!! அது இன்னும் மோசமில்லையா?

நான், 8:23
பெரியப்பா, கூலருக்குள் கதிரியக்கம் எப்படி வந்தது?

பெரியப்பா, 8:31
கைகா, கல்பாக்கம் மாதிரி உலைகளில் சூட்டைத் தணிக்க ஓடுவது கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீர். உலைக்குள் இருக்க இருக்க அதில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சேரும். சோதனைக்காகச் சின்னக் குப்பிகளில் கனநீர் எடுப்போம். அந்த மாதிரி டிரிட்டியம் உள்ள கனநீரைத்தான் யாரோ கூலரில் கலந்துவிட்டார்கள். ஒரு விதத்தில் பார்த்தால் கூலிங் தண்ணீர்தான் கூலருக்குள் போனது. அதனால் உன் அத்தை அனுப்பியது முழுப் பொய்யும் இல்லை.

அப்பா, 8:33
குழாய் எங்காவது கசிந்திருக்கும். அதைப் போய் சதி என்பானேன்?

பெரியப்பா, 8:44
நீ கேட்பதைத்தான் அவர்களும் முதலில் கேட்டார்கள். விஷயம் வெளியே வந்ததே ஊழியர்களுக்கு வழக்கமாகச் செய்யும் சிறுநீர் சோதனையால்தான். கல்பாக்கத்தில் எங்களுக்கும் அதே வழக்கம், முறை வந்தால் பாட்டிலில் பிடித்துக் கொடுக்க வேண்டும். (உன் பெரியம்மா இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல விடமாட்டாள்.) கைகாவில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு டிரிட்டியம் கூடுதலாக வந்தது. கசிவு என்றால் காற்றில் தெரியும், தரையில் தெரியும். ஒன்றும் இல்லை. சரி, இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது எது என்று பார்த்தால் ஒரே ஒரு கூலர். அதன் மூடியும் பூட்டியிருந்தது. திறந்திருந்தது தண்ணீர் வழிந்து வெளியேறும் குழாய் மட்டும்தான். கசிந்த கனநீர் தானாக நடந்து வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, அந்தக் குழாயைத் தேடி உள்ளே ஏறுமா?

நான், 8:45
அப்படியானால் உள்ளே வேலை செய்கிறவர்தான்.

பெரியப்பா, 8:47
அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த அனில் ககோட்கரே உள்ளிருப்பவர் செய்த விஷமம் என்றுதான் சொன்னார். போலீஸ் வரை போனது.

அத்தை, 8:48
குடித்தவர்கள் என்ன ஆனார்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

பெரியப்பா, 8:53
பயப்படாதே. டிரிட்டியம் தண்ணீரோடு தண்ணீராகத்தான் உடம்பில் இருக்கும். பத்து நாளில் ஏறத்தாழ பாதி வெளியே போய்விடும். நிறைய தண்ணீர் குடிக்க வைத்து, சிறுநீர் போக மருந்து கொடுத்து அதை இன்னும் சீக்கிரம் வெளியேற்றுவார்கள். ஊழியர் உடம்பில் படலாம் என்று வைத்த கதிர்வீச்சுக்கு ஆண்டு வரம்பு 30 மில்லிசீவர்ட். இரண்டு பேருக்குத்தான் அதைக் கொஞ்சம் தாண்டியது.

கார்த்தி, 8:55
மாமா, பெல்ஜியத்தில் டோல் அணுமின் நிலையத்திலும் இப்படித்தானே? 2014 ஆகஸ்ட். தீப்பிடித்தால், மின்சாரத்துக்காகச் சுழலும் டர்பைனின் மசகு எண்ணெயை நிலத்தடித் தொட்டிக்கு இறக்க ஒரு வால்வு உண்டு. தீயே இல்லாமல் யாரோ அதைத் திறந்துவிட, 65,000 லிட்டர் வடிந்து டர்பைன் சூடேறிக் கெட்டது. டிசம்பர் வரை நாலாவது உலை ஓடவில்லை.

பெரியப்பா, 9:02
அதேதான். அங்கேயும் குழாய் மேல் குற்றமில்லை. வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் வெளியாளைத்தான் பார்க்கிறார். அட்டை வைத்திருப்பவன் சல்யூட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறான். டோலில் அதற்கப்புறம் சில இடங்களுக்குத் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போகவேண்டும் என்று வைத்தார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கைகாவில் காட்டிக்கொடுத்தது காவலும் இல்லை, கேமராவும் இல்லை, அந்தப் பாட்டில்தான். கார்த்தி, சாம்பிள் நாளில் டிமிக்கி கொடுக்காதே.

கார்த்தி, 9:03
சரி மாமா.

அத்தை, 9:04
சாம்பிள் இருக்கட்டும். குடிக்க வீட்டுத் தண்ணீர் கொண்டு போ.

கார்த்தி, 9:04
ஆயிரம் கிலோமீட்டருக்கா அம்மா?

அப்பா, 9:06
முதலில் அந்தச் செய்தியை நீக்கு.

அத்தை, 9:09
இங்கே நீக்கிவிட்டேன். அபார்ட்மென்ட் குழுவிலும் கோயில் குழுவிலும் போட்டது நீக்க வரவில்லை.

பெரியப்பா, 9:10
அப்படியானால் கீழேயே 2009 என்று எழுது. கூலர் என்றும் எழுது.

அத்தை, 9:14
எழுதினேன். எந்தக் கம்பெனி கூலர் என்று கேட்கிறார்கள்.