சந்திக்கத் தவறும் இரண்டு ரோபோக்கள்: மட்டக்களப்புப் பக்கம் யாராவது உதவ முடியுமா?

வணக்கம் உறவுகளே. கல்லடியில் உயர்தரப் பிள்ளைகள் நால்வருடன் இரண்டு சின்ன ரோபோக்களை ஓட்டிப் பார்க்கிறோம். சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் கீறிய வட்டம், ஆரம் ஒரு மீற்றர். விளிம்பில் எங்கோ ஒட்டிய கறுப்பு நாடாதான் வாசல். இரண்டும் நடுவிலிருந்து ஒரே விளிம்புப் புள்ளிக்குப் போய், எதிரெதிராகப் பிரிந்து தேடும். கடைசியில் இரண்டுமே வாசலுக்கு வந்துவிட வேண்டும்.

புளூடூத் இருந்தால் சரி, கண்டது சொல்லும், மற்றது நேரே வரும். செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில், வாசல் எவ்வளவு மோசமான இடத்தில் இருந்தாலும் 48 செக்கன்தான்.

நேரில் சந்தித்தால்தான் பேசலாம் என்றால்? கண்ட ரோபோ மற்றதன் பாதையைக் கணித்துக் குறுக்கே போய் மறிக்க வேண்டும். 2014 இல் வந்த ஓர் ஆய்வின்படி, இதே வேகத்தில் இப்படி மறித்து இரண்டும் வாசலுக்குத் திரும்ப மொத்தம் சுமார் 57 செக்கன் போதும். எங்களுடையது ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் பிந்துகிறது, மற்றது கண்முன்னே கடந்துபோகிறது. பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. பற்றரி இறங்க இறங்க ஒரு ரோபோவின் வேகம் குறைவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சில்லின் சுற்றை எண்ணும் சென்சர் நான்கு, யாராவது ஒரு கிழமைக்கு இரவல் தருவீர்களா? கல்முனை என்றாலும் வந்து எடுப்பேன். அப்புறம், வேகம் கொஞ்சம் பிசகினாலும் சந்திப்புத் தவறாதபடி கணிக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.